பெரிய படம், சின்னக் கதை: ‘அப்புறம்’ நிறைந்த திரையில் ‘அதனால்’ எங்கே?

ஒரு சின்ன சோதனையோடு தொடங்குவோம். கடைசியாக நீங்கள் திரையரங்கில் பார்த்த பெரிய பட்ஜெட் தமிழ்ப்படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவருக்கு அதன் கதையை ஐந்தே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்.

வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: “ஹீரோ வருவாரு டீச்சர், என்ட்ரி செம்மையா இருக்கும். அப்புறம் ஒரு ஃபைட். அப்புறம் ஃபிளாஷ்பேக். அப்புறம் கடைசியில இன்னொரு ஹீரோ வருவாரு. அப்புறம் ரெண்டாவது பாகம் வருதாம்.”

ஐந்து வாக்கியம் ஆகிவிட்டது. நான்கு ‘அப்புறம்’ வந்தது. ஒரு ‘அதனால்’கூட வரவில்லை. இதில் மாணவர் மேல் குற்றமில்லை. அவர் பார்த்ததைத்தான் சொன்னார். படத்திலேயே ‘அதனால்’ இல்லையென்றால் அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

நான் சொல்ல வருவது இதுதான்: இன்றைய பெரும்பொருட்செலவுப் படங்களில் சம்பவங்களுக்குக் குறைவில்லை. ஒரு சம்பவத்திலிருந்து இன்னொன்று பிறப்பதுதான் குறைந்துவிட்டது. சினிமா எப்படிப் போனால் நமக்கென்ன என்று தமிழாசிரியர்கள் இருந்துவிட முடியாது. நம் பிள்ளைகளில் பலர் ஒரு வருடத்தில் தமிழில் முழுதாகப் படிக்கும் நாவல் ஒன்றோ இரண்டோதான், அதுவும் பாடத்திட்டத்தில் இருப்பதால். தமிழில் அவர்கள் பார்க்கும் படங்களோ எத்தனையோ. கதை என்றால் எப்படி இருக்கும் என்ற பழக்கத்தை அவர்கள் திரையிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். சிறுகதை எழுதச் சொன்னால் ‘திடீரென்று’ லாரி மோதுகிறது, ‘திடீரென்று’ லாட்டரி விழுகிறது, ‘திடீரென்று’ கெட்டவன் திருந்துகிறான். இந்தத் ‘திடீர்’களைத் திருத்திச் சிவப்பு மை தீர்ந்துபோன ஆசிரியர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

கதைப்பின்னல் என்றால் என்ன? சிலம்பைக் கேட்போம்

இலக்கியப் பாடத்தில் ‘கதைப்பின்னல்’ என்ற சொல்லை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தொடக்கம், வளர்ச்சி, உச்சம், சிக்கல் அவிழ்ப்பு, முடிவு என்று வரிசையாகச் சொல்வார்கள். ஆனால் ‘பின்னல்’ என்ற சொல்லே விளக்கத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. தலைப்பின்னலில் ஒரு பிரி இன்னொன்றின் மேல் ஏறி அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பிரியை உருவினால் முழுப் பின்னலும் தளர்ந்துவிடும்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலன் மாதவியிடம் சென்று பொருளை இழக்கிறான். கடற்கரையில் ஒருவர் பாட்டை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் பிரிகிறான். பொருள் இல்லை, அதனால் கண்ணகியின் சிலம்பை விற்று வாணிபம் தொடங்க மதுரைக்குப் போகிறான். அங்கே அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய் விலை கேட்கிறான். தன் மேல் பழி வராமலிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டவன் அந்தப் பொற்கொல்லன். அதனால் கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். பாண்டியன் ஏன் விசாரிக்காமல் ஆணையிட்டான்? ஆடல் மகளிரை அரசன் பார்த்தான் என்று அரசி ஊடிக்கொண்டு போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் அவன் இருந்தான். அந்த அவசரத்துக்குக்கூட இளங்கோவடிகள் ஒரு காரணம் வைத்திருக்கிறார்!

கடைசியில் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். உள்ளே மாணிக்கம். அரசியின் சிலம்பிலோ முத்து. ஒரு காப்பியத்தின் முழுப் பாரமும் ஒரு சின்னப் பொருளுக்குள் இருந்த பரலில் வந்து நிற்கிறது. இதில் எந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துவிட்டாலும் அடுத்தது நடக்காது. இதுதான் பின்னல்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு திரைக்குப் போவோம்.

ஒரே இயக்குநர், ஒரே நாயகன், இரண்டு ‘இந்தியன்’

ஒப்பீட்டுக்கு ‘இந்தியன்’ (1996), ‘இந்தியன் 2’ (2024) இரண்டும் வசதியானவை. இயக்குநர் ஷங்கர், நாயகன் கமல்ஹாசன், கதாபாத்திரம் சேனாபதி, எதிரி லஞ்சம். எல்லாம் ஒன்றுதான். முதல் படமும் அந்தக் காலத்தில் பெரிய செலவில் எடுக்கப்பட்ட படம்தான்.

சேனாபதி நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். அந்தப் படையில் மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஏராளமானோர் சேர்ந்தார்கள் என்பதால் நமக்கு அவர் அந்நியர் அல்லர், நம் தாத்தா தலைமுறை. தீக்காயம்பட்ட மகளுக்குச் சிகிச்சை செய்ய லஞ்சம் கேட்கிறார்கள். அவர் கொடுக்க மறுக்கிறார். மகள் இறக்கிறாள். அதனால் அவர் லஞ்சம் வாங்குபவர்களைக் கொல்லத் தொடங்குகிறார். இதற்கிடையில் அப்பாவின் கொள்கை பிடிக்காமல் வீட்டைவிட்டுப் போன மகன் சந்துரு, பிரேக் சரியில்லாத பேருந்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிறான். பள்ளிக் குழந்தைகள் பலர் இறக்கிறார்கள்.

இப்போது பாருங்கள். ஒரு லஞ்சத்தால் மகளை இழந்த தந்தைக்கு எதிரே, லஞ்சம் வாங்கி மற்றவர் பிள்ளைகளைச் சாகவிட்ட மகன் நிற்கிறான். மகனை விட்டுவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வெறும் பழிவாங்கல். தண்டித்தால் மிச்சமிருக்கும் ஒரே பிள்ளையும் போகும். கத்தி அவர் வீட்டுப் பக்கமே திரும்புகிறது. சேனாபதி செய்தது சரியா என்று வகுப்பில் வாதாடலாம். வாதாடத்தான் வேண்டும், கொலை எப்படி நீதியாகும்? ஆனால் ‘ஏன் இது நடந்தது?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதைப் படம் சொல்லிவிட்டது.

‘இந்தியன் 2’-இல் யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர்கள் சமூக ஊடகத்தில் அழைப்பு விடுக்க, தைப்பேயில் இருக்கும் சேனாபதி திரும்பி வருகிறார். தன்னை ஏன் அழைத்தார்கள் என்பது தெரிகிறது. ஆனால் அவருக்கு இந்த முறை என்ன இழப்பு, என்ன ஆபத்து? 1940களில் படையில் இருந்தவர் 2024-இல் நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த முதுமையே ஒரு நல்ல கதைக்குக் காரணமாகியிருக்கலாம். கை நடுங்கும் ஒருவர், காலம் மாறிவிட்டதைப் பார்க்கும் ஒருவர் என்று எவ்வளவோ செய்யலாம். படத்தில் அவர் ஒற்றைச் சக்கர வண்டியில் ஊரெல்லாம் பறக்கிறார். உடம்புக்கும் ஒன்றும் ஆகாது, மனசுக்கும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்ட பிறகு நாம் எதற்காக இருக்கை நுனிக்கு வர வேண்டும்?

நியாயமாகச் சொன்னால், அந்தப் படத்துக்குள்ளும் ஒரு நல்ல கதை இருக்கிறது. ‘உங்கள் வீட்டை முதலில் சுத்தம் செய்யுங்கள்’ என்கிறார் சேனாபதி. அதைக் கேட்டு ஓர் இளைஞன் தன் சொந்த அப்பாவையே காட்டிக்கொடுக்கிறான். அப்பா கைதாகிறார். அதனால் அம்மா உயிரை மாய்த்துக்கொள்கிறார். அதனால் அந்த இளைஞனும் ஊரும் சேனாபதிக்கு எதிராகத் திரும்புகிறார்கள். இரண்டு ‘அதனால்’ வரிசையாக வருகின்றன! ஆனால் இந்தக் கதை மிகத் தாமதமாக வருகிறது. வந்தவுடன் துரத்தல் காட்சி அதை மூடிவிடுகிறது. சொன்ன அறிவுரைக்கு விலை கொடுத்தது வேறொரு குடும்பம். அதைச் சொன்னவர் அந்த விலையை எப்படி எதிர்கொள்கிறார் என்று பார்க்கக் காத்திருக்கும்போது, மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் ஓடுகிறது. முதல் படத்தில் கேள்வி சேனாபதியின் மடியில் விழுந்தது. இரண்டாம் படத்தில் கேள்வி அடுத்த படத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

‘நல்ல எழுத்தாளர்கள் இல்லை, அதுதான் காரணம்’ என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். முதல் ‘இந்தியன்’ படத்துக்கு வசனம் எழுதியவர் சுஜாதா, உண்மைதான். ஆனால் இரண்டாம் படத்தின் வசனத்தில் ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார் ஆகியோர் பங்களித்திருக்கிறார்கள். மூவரும் எழுத்தில் பெயர் பெற்றவர்கள். ஆகவே பேனா பிடிக்க ஆள் இல்லை என்பதல்ல பிரச்சினை. பிரம்மாண்டக் காட்சிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியை நிரப்பும் வேலையாகக் கதை மாறிப்போனால், யார் எழுதினாலும் கதை மூச்சுத் திணறும்.

கூச்சலில் காணாமல் போன ஒரு குழந்தை

2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’வை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் சிவா, நாயகன் சூர்யா. இன்றைய கோவாவில் ஒரு பகுதி, 1070ஆம் ஆண்டில் இன்னொரு பகுதி. பலரும் இதைக் ‘கதையே இல்லாத படம்’ என்று ஒதுக்கினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இதன் நடுவில் இருப்பது அருமையான கதை. இனத்துக்குத் துரோகம் செய்த ஒருவனைக் கங்குவா தண்டித்துக் கொல்கிறான். இறந்தவனின் மனைவி உயிர்விடும் முன் தன் மகனைக் கங்குவாவிடமே ஒப்படைக்கிறாள். அந்தப் பையனுக்கோ அப்பாவைக் கொன்றவன் மேல் தீராத கோபம். தன்னைக் கொல்ல நினைக்கும் பிள்ளையைத் தன் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வேண்டிய கடமை. புறநானூற்றுப் புலவர் யாராவது கேட்டிருந்தால் விட்டிருப்பாரா?

ஆனால் அந்தப் பையனும் கங்குவாவும் அமைதியாக எதிரெதிரே உட்காரும் நேரம் எவ்வளவு? ஒரு வெறுப்பு எப்படிச் சிறிது சிறிதாக நம்பிக்கையாக மாறும் என்று காட்ட நேரம் வேண்டும், அமைதி வேண்டும். படத்தில் இரண்டுமே கிடைக்கவில்லை. எல்லாரும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். படம் வெளியான பிறகு, ஒலியைக் குறைத்துத் திரையிடும்படி தயாரிப்புத் தரப்பே திரையரங்குகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நீளத்தையும் குறைத்தார்கள். ஒலியைக் குறைக்கலாம், நிமிடங்களை வெட்டலாம். இல்லாத காரணத்தை வெளியான பிறகு சேர்க்க முடியாது.

அப்படியானால் பணம்தான் குற்றவாளியா?

இல்லை. இந்த இடத்தில் மாணவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘பெரிய பட்ஜெட் படம் என்றாலே கதை இருக்காது’ என்று கட்டுரையில் எழுதினால் அது பொதுமைப்படுத்தும் தவறு. மறுப்புக்கு நம் கையிலேயே சான்று உண்டு.

‘எந்திரன்’ (2010) வெளியான நேரத்தில் இந்தியாவில் அதிகச் செலவில் எடுக்கப்பட்ட படங்களில் ஒன்று. அதன் முதுகெலும்பைப் பாருங்கள். தீ விபத்திலிருந்து சிட்டி என்ற இயந்திர மனிதன் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கி வருகிறது. கூட்டமும் கேமராவும் பார்த்துவிட்ட அவமானத்தில் அவள் ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். இயந்திரத்துக்கு மான உணர்ச்சி புரியவில்லை. அதனால் வசீகரன் அதற்கு உணர்ச்சியைக் கற்றுத்தருகிறார். உணர்ச்சி வந்ததால் அது சனாவைக் காதலிக்கிறது. காதலால் இராணுவ அதிகாரிகள் முன்னிலையில் சொதப்புகிறது. அந்தக் கோபத்தில் வசீகரன் அதை வெட்டிக் குப்பையில் எறிகிறார். குப்பையில் கிடந்ததால்தான் அது போராவின் கைக்குப் போகிறது. இறுதிப் பகுதியில் எத்தனை நூறு ரோபோக்கள் உருண்டு திரண்டு பாம்பாக வந்தாலும், ‘இது எப்படி ஆரம்பித்தது?’ என்று கேட்டால் ஒரு பெண்ணின் மானத்தில் போய் முடியும். அதனால்தான் சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் காட்சியில், இரும்புக்காக நாம் வருத்தப்படுகிறோம்.

‘பாகுபலி’யும் (2015, 2017) அப்படித்தான். முதல் பாகம் ஒரு கேள்வியோடு முடிந்தது, இரண்டு வருடம் ஊரே கேட்டது: கட்டப்பா ஏன் கொன்றார்? இதையும் ‘இந்தியன் 2’ முடிவில் வந்த முன்னோட்டத்தையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பாகுபலி கேட்டது ‘ஏன்?’ என்ற கேள்வி. அரியணைக்கு அடிமையாக வாக்களித்த ஒருவர், தான் தூக்கி வளர்த்த பிள்ளையைக் கொன்றிருக்கிறார். காரணம் என்ன என்று மனசு அரிக்கிறது. மற்றதோ ‘அடுத்து என்னென்ன வரப்போகிறது பாருங்கள்’ என்ற விளம்பரம். ஒன்று கதைக்குள் இருக்கும் முடிச்சு, இன்னொன்று கதைக்கு வெளியே ஒட்டிய சுவரொட்டி.

ஒரு பீட்சா, முந்நூறு ரூபாய்

இப்போது செலவு குறைந்த ஒரு படம். மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’ (2015). சிறந்த குழந்தைகள் படத்துக்கான இந்திய தேசிய விருது பெற்றது. வகுப்பில் தாராளமாகப் பேசலாம்.

சென்னைக் குடிசைப் பகுதியில் இரண்டு சகோதரர்கள். மரத்தில் ஏறிக் காக்கா முட்டை எடுத்துக் குடிப்பவர்கள். அவர்கள் விளையாடும் இடத்தை வாங்கி, மரத்தை வெட்டிவிட்டு, பீட்சா கடை கட்டுகிறார்கள். முட்டை போயிற்று, அதன் இடத்தில் பீட்சா வந்தது. திறப்பு விழாவுக்கு நடிகர் சிம்பு சிம்புவாகவே வந்து பீட்சாவைக் கடித்துச் சாப்பிடுகிறார். அதனால் பையன்களுக்கும் ஆசை வருகிறது. விலை ஏறக்குறைய முந்நூறு ரூபாய். அதனால் ரயில் பாதையோரம் கரி பொறுக்கி விற்கிறார்கள். பணம் சேர்த்துப் போனால் காவலாளி உள்ளே விடவில்லை, சட்டை சரியில்லையாம். அதனால் புதுச் சட்டைக்கு வழி தேடுகிறார்கள். புதுச் சட்டை போட்டுப் போனால் அறை விழுகிறது. திரும்பி வந்தால் வீட்டில் பாட்டி இறந்து கிடக்கிறார். சேர்த்த காசு இறுதிச் சடங்குக்குப் போகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய படங்களில் இப்போது கௌரவத் தோற்றம் ஒரு மோகமாகிவிட்டது. ‘விக்ரம்’ (2022) கடைசியில் ரோலெக்ஸாகச் சூர்யா வந்தபோது திரையரங்கம் அதிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை எடுத்துவிட்டாலும் ‘விக்ரம்’ கதை முடிந்துதான் இருக்கும். ‘காக்கா முட்டை’யில் சிம்பு வரும் காட்சியை எடுத்துவிட்டால் பையன்களுக்குப் பீட்சா ஆசையே வராது, படமே இருக்காது. இரண்டும் கௌரவத் தோற்றம்தான். ஒன்று மாலையின் மேல் செருகிய பூ, இன்னொன்று மாலையைக் கட்டிய நார்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) தொண்ணூறுகளின் மலேசியத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் எப்படிக் குண்டர் உலகத்தின் பக்கம் சாய்கிறான் என்று படிப்படியாகக் காட்டுகிறது. தோட்டம் போனது, வேலை போனது, வீட்டில் அடி, வெளியே கவர்ச்சி என்று ஒவ்வொன்றும் அவனை ஓர் அடி தள்ளுகிறது. அது 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது.

ஏன் இப்படி ஆயிற்று?

எனக்குத் தெரிந்து நான்கு காரணங்கள்.

முதலாவது, சந்தை. பெரிய படங்கள் இன்று தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம் என ஒரே நாளில் வெளியாகின்றன. மாமா–மச்சான் கேலி, ஊர் வழக்கு, சாதிக்குள் நடக்கும் நுணுக்கமான மனத்தாங்கல் போன்றவை மொழி தாண்டும்போது பாதி உதிர்ந்துவிடும். வெடிக்கும் கார் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி வெடிக்கும். அதனால் கார் பெருகுகிறது, மச்சான் குறைகிறார்.

இரண்டாவது, முதல் வார வசூல். பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லி, அவர் அடுத்த வாரம் போவது ஒரு காலம். இப்போது படம் எப்படி என்று தெரிவதற்கு முன்பே முதல் மூன்று நாள் டிக்கெட் விற்றாக வேண்டும். விற்றுக்கொடுப்பது நட்சத்திரமும் முன்னோட்டமும். கதையின் வேலை முன்னோட்டத்தில் தெரியாது. கதை இரண்டாம் மணி நேரத்தில்தான் வேலை செய்யும்.

மூன்றாவது, துண்டு துண்டாகப் பார்க்கும் பழக்கம். முப்பது விநாடிக் காணொளியாகக் கைப்பேசியில் ஓடக்கூடிய காட்சிகளே எடுக்கப்படுகின்றன. முன்னும் பின்னும் தெரியாமலே ரசிக்கக்கூடியதாக ஒரு காட்சி இருக்க வேண்டும் என்றால், முன்னும் பின்னும் அதற்குத் தேவைப்படாது. அப்போது ‘அதனால்’ எதற்கு?

நான்காவது, அடிபடாத நாயகன். நட்சத்திரத்தின் பிம்பம் வளர வளர, அவர் தவறு செய்யவோ தோற்கவோ எழுத்தாளர் அனுமதி பெறுவது கடினமாகிறது. தவறே செய்யாதவனிடமிருந்து கதை பிறக்காது. கோவலன் தவறினான், பாண்டியன் தவறினான், வசீகரன் கோபப்பட்டுத் தவறினார். அவர்கள் தவறியதால்தான் நமக்குக் கதை கிடைத்தது.

‘கொண்டாட்டம் போதாதா?’

இதற்கு ஒரு மறுப்பு வரும். “வேலை முடிஞ்சு அலுத்துப்போய்ப் படத்துக்குப் போறோம். விசிலடிச்சிட்டு வர்றதுல என்ன தப்பு? எல்லாத்துக்கும் இலக்கணம் பார்க்கணுமா?” நியாயமான கேள்விதான். தெருக்கூத்திலும் வேடத்தார் நுழைவது ஒரு தனிக் கொண்டாட்டம். திரை பிடித்து, ஆடிப் பாடி, தன் பெருமையைத் தானே சொல்லித்தான் துரியோதனன் சபைக்கு வருவான். இன்றைய ‘ஹீரோ என்ட்ரி’க்கு அவன்தான் பாட்டன்.

ஆனால் கூத்து அதோடு நிற்பதில்லை. அவ்வளவு பெருமையோடு வந்த அதே துரியோதனன் விடிவதற்குள் படுகளத்தில் விழுவான். நுழைவு எவ்வளவு உயரமோ, விழுவது அவ்வளவு ஆழம். கொண்டாட்டம் கதைக்கு எதிரி அல்ல. முடிவில்லாத நுழைவாகவே படம் இருந்துவிட்டால்தான் சிக்கல். விசிலடித்துவிட்டு வருவதில் தப்பில்லை. வெளியே வந்து வாகனத்தில் ஏறுவதற்குள் பேச ஒன்றுமில்லாமல் போவதுதான் நட்டம்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

ஆசிரியர்கள் செய்துபார்க்க மூன்று பயிற்சிகள்.

ஒன்று, இணைப்புச் சொல் பயிற்சி. மாணவர் தான் பார்த்த ஒரு படத்தின் கதையைப் பத்து வாக்கியத்தில் எழுதட்டும். ‘அப்புறம், பிறகு, பின்னர், திடீரென்று’ ஆகியவற்றைச் சிவப்பிலும், ‘அதனால், ஆகவே, ஆனால், இருந்தபோதிலும்’ ஆகியவற்றைப் பச்சையிலும் வட்டமிடட்டும். எந்த நிறம் அதிகம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு, உருவும் பயிற்சி. ஒரு காட்சியை எடுத்துவிட்டால் அடுத்தது நடக்குமா? நடக்கும் என்றால் அந்தக் காட்சி பின்னலில் இல்லை. இதே கேள்வியைப் பாட நாவலுக்கும் நாடகத்துக்கும் கேட்கலாம். கதைப்பின்னல் பற்றிய கேள்விக்கு நிகழ்ச்சிகளை வரிசையாக ஒப்புவிக்கும் மாணவர், ‘இது நடந்ததால் அது நடந்தது’ என்று எழுதத் தொடங்குவார். மதிப்பெண் கூடுவது அந்த இடத்தில்தான்.

மூன்று, திருத்தும் பயிற்சி. ‘கங்குவா’வில் கங்குவாவும் பையனும் தனியாக இருக்கும் ஒரே ஒரு காட்சியை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சண்டை கூடாது, கத்தல் கூடாது. அந்தப் பையனின் வெறுப்பு ஒரு நூலளவு குறைய ஏதோ ஒன்று நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாணவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எஸ்.பி.எம். தேர்வானாலும் சிங்கப்பூர்ச் சாதாரண நிலைத் தேர்வானாலும், உங்கள் கதையில் விபத்து வரலாம், அழுகை வரலாம், கெட்டவன் திருந்தலாம். ஆனால் விபத்து வருமென்றால் இரண்டு பத்திக்கு முன்பே அந்த வண்டியின் பிரேக்கைப் பற்றி ஒரு வரி இருக்கட்டும். திருந்துவான் என்றால் எதைப் பார்த்துத் திருந்தினான் என்று சொல்லுங்கள். திரைப்படம் பற்றிக் கட்டுரை எழுத நேர்ந்தால் ‘படம் நன்றாக இல்லை’ என்று நிறுத்தாதீர்கள். எந்தக் காட்சியில், எந்தக் காரணம் விடுபட்டது என்று காட்டுங்கள். ஏச்சு வேறு, திறனாய்வு வேறு.

அடுத்த முறை பெரிய படம் ஒன்று வரும்போது தாராளமாகப் போய்ப் பாருங்கள். நானும் போவேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பாட்டியோ தம்பியோ “படம் எப்படி?” என்று கேட்பார்கள். கதையைச் சொல்லத் தொடங்குங்கள். எந்த இடத்தில் அவர்கள் “ஏன் அப்படிச் செஞ்சான்?” என்று கேட்டு, உங்களிடம் பதில் இல்லாமல் போகிறதோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விமர்சனத்தை அந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்கலாம்.